வெட்டும் காடும் மேயும் நிலமும்: அருகிவரும் உயிர்களைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரம் வெட்டி விற்கும் காடுகளிலும் கால்நடைகள் மேயும் நிலங்களிலும் அருகிவரும் விலங்குகளையும் தாவரங்களையும் எப்படிக் காப்பது என்ற பேச்சு எழும்போதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தாம் திரும்பத் திரும்ப வருகின்றன. நில உரிமையாளர், மேய்ப்பர், மரக் குத்தகைதாரர், வனவியல் மாணவர் என்று கேட்பவர்தாம் மாறுகிறார். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்குவதைவிட, கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளை எழுதிவைத்து விடை சொல்வது மேல் என்று தோன்றியது. பின்னால் வரும் விடைகள் முன்னால் சொன்னவற்றின்மீது நிற்பதால், வரிசையாகப் படிப்பது நல்லது.

1. அரிய உயிர்களுக்குத்தான் சரணாலயங்கள் இருக்கின்றனவே, மாடு மேயும் இடத்தில் அவற்றுக்கு என்ன வேலை?

சரணாலயத்தின் எல்லைக்கோடு மனிதர் வரைந்தது. விலங்குக்கு அது தெரியாது. மேலும், காப்பிடங்கள் பெரும்பாலும் பயிருக்கும் மேய்ச்சலுக்கும் உதவாத உயர்ந்த மலைகளிலும் வறண்ட பாறை நிலங்களிலும் அமைந்துவிட்டன. சமவெளிப் புல்வெளி, ஆற்றோரக் காடு, தாழ்வான மலைச்சரிவு போன்ற வளமான வாழிடங்களில் பெரும்பகுதி யாருடைய பிழைப்புக்கோ பயன்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அங்கே மட்டும் வாழும் இனங்களுக்கு வேறு போக்கிடம் இல்லை.

இதற்கு நான் வழக்கமாகச் சொல்லும் எடுத்துக்காட்டு வட அமெரிக்காவின் கருங்கால் ஃபெரெட் என்னும் கீரி போன்ற சிறு விலங்கு. இது அழிந்தேவிட்டது என்று பலரும் எண்ணியிருந்த நிலையில், 1981-இல் வயோமிங் மாநிலத்தில் மீட்டீட்ஸி என்ற ஊருக்கு அருகே ஒரு மாட்டுப் பண்ணை நாய் இறந்த ஃபெரெட் ஒன்றை வீட்டு வாசலுக்குக் கவ்விக்கொண்டு வந்தது. அதன் பிறகே அந்தப் பகுதியில் உயிரோடிருந்த கூட்டம் தெரியவந்தது. பின்னர் நோய் தாக்கியதால், எஞ்சியிருந்த 18 விலங்குகளை 1987-க்குள் பிடித்து, கூண்டில் இனப்பெருக்கம் செய்து, 1991 முதல் மீண்டும் வெளியில் விட்டார்கள். இன்றிருக்கும் கருங்கால் ஃபெரெட்டுகள் எல்லாம் அந்த மேய்ச்சல் நிலத்தின் வாரிசுகளே.

2. ஓர் இனம் அபாயத்தில் இருக்கிறது என்பதை யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

உலக அளவில் பரவலாக ஏற்கப்படுவது, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 1964-இல் தொடங்கிய செம்பட்டியல். எண்ணிக்கை எவ்வளவு வேகமாகக் குறைகிறது, பரவியிருக்கும் பரப்பு எவ்வளவு சுருங்கியது, மிஞ்சியவை எத்தனை என்பனவற்றைக் கொண்டு ஓர் இனத்தை ‘அழிவாய்ப்புள்ளது’, ‘அழியும் நிலையில் உள்ளது’, ‘மிகவும் அழியும் நிலையில் உள்ளது’ என்று அது வகைப்படுத்துகிறது. இந்தப் பட்டியலுக்குச் சட்ட வலிமை கிடையாது. சட்ட வலிமை அந்தந்த நாட்டுச் சட்டத்திடம் இருக்கிறது: இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், அமெரிக்காவில் 1973-ஆம் ஆண்டின் அழியும் இனங்கள் சட்டம் என்று நாட்டுக்கு நாடு வேறுபடும். நிலத்தில் வேலை செய்பவர் இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருப்பது அவசியம்.

3. விலங்கு அழியும் என்பது புரிகிறது. ‘தாவரச் சமூகம்’ எப்படி அழியும்? அந்தச் செடிகள் தனித்தனியே வேறு இடங்களில் இருக்கின்றனவே?

இருக்கின்றன; ஆனால் சேர்ந்து இல்லை. தாவரச் சமூகம் என்பது குறிப்பிட்ட மண்ணிலும் ஈரத்திலும், குறிப்பிட்ட இடைவெளியில் வந்துபோகும் தீயிலும் மேய்ச்சலிலும் பழகி, ஒன்றையொன்று சார்ந்து அமைந்த கூட்டு. ஊரில் இருந்த குடும்பங்கள் எல்லாம் வெவ்வேறு நகரங்களில் உயிரோடுதான் இருக்கின்றன என்பதற்காக அந்த ஊர் இருக்கிறது என்று சொல்ல மாட்டோம் அல்லவா?

அமெரிக்காவின் தென்கிழக்கில் ஏறத்தாழ 9 கோடி ஏக்கரில் பரவியிருந்த லாங்லீஃப் பைன் காடு, இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் சுமார் 30 லட்சம் ஏக்கராகச் சுருங்கியிருந்தது. லாங்லீஃப் பைன் மரம் என்ற இனம் அழியவில்லை. அழிந்தது, அகன்ற இடைவெளியுடன் நிற்கும் முதுமரங்களும், அவற்றின் அடியில் வெயில் விழும் புல்லும், அடிக்கடி வரும் தரைத்தீயும் சேர்ந்த அந்த அமைப்பு. இத்தகைய இழப்பை மதிப்பிடுவதற்கென்றே பன்னாட்டு ஒன்றியம் 2014-இல் சூழலமைப்புகளுக்கான தனிச் செம்பட்டியல் அளவுகோலை ஏற்றது. அதில் ‘அற்றுப்போனது’ என்ற இடத்தில் ‘சரிந்துபோனது’ என்ற சொல் இருப்பதை நான் பொருத்தமானதாகக் கருதுகிறேன்.

4. என் காட்டில் ஓர் அரிய பறவையின் கூடு தென்பட்டால் எல்லா வேலையும் நின்றுவிடுமா?

பெரும்பாலும் நிற்காது; தள்ளிப்போகும், அல்லது விலகிப்போகும். கூட்டைச் சுற்றி ஒரு தொலைவு வரை இனப்பெருக்கக் காலத்தில் இயந்திரமும் ஆளும் போகாமல் இருப்பது, அதற்கு வெளியே வேலையைத் தொடர்வது என்பதே பொதுவான முறை. தொலைவும் மாதங்களும் இனத்துக்கு இனம் மாறும்; அதைச் சட்டமும் உள்ளூர் வல்லுநரும் சொல்வார்கள். இந்தப் பக்கம் முழுவதற்கும் அடிப்படையான செய்தி இதுதான்: தீங்கு செய்வது பெரும்பாலும் வேலையின் பெயர் அன்று, அது செய்யப்படும் காலமும் இடமும் அளவும். குஞ்சு பறந்துபோன பிறகு வந்து வெட்டினால் தீங்கற்றதாக இருக்கக்கூடிய அதே வெட்டு, ஆறு வாரம் முந்தினால் அந்த ஆண்டின் குஞ்சுகள் அனைத்தையும் கொன்றுவிடும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. சில இனங்களுக்குக் கூட்டுக் காலம் முடிந்த பிறகும் மரமே முக்கியம். மார்பிள்ட் மர்லெட் என்ற கடற்பறவை, கடலில் மீன் பிடித்து வாழ்ந்தாலும், கரையிலிருந்து உள்ளே தள்ளி முதிர்ந்த ஊசியிலை மரங்களின் உயரத்தில், பாசி மெத்தை படர்ந்த தடித்த கிளையின்மேல் ஒரே ஒரு முட்டையிடும். வட அமெரிக்காவில் அதன் கூட்டை 1974-இல்தான், அதுவும் மரமேறும் தொழிலாளி ஒருவர்தான் கண்டார். அப்படிப்பட்ட கிளை உருவாக நூற்றாண்டுகள் ஆகும் என்பதால், அங்கே காலத்தைத் தள்ளிவைத்துப் பயனில்லை. மரத்தையே விட்டுவைக்க வேண்டும்.

5. வெட்டும்போது எதை விட்டுவைப்பது? பட்டுப்போன மரத்தை எடுத்துவிடுவதுதானே காட்டுக்குச் சுத்தம்?

‘சுத்தம்’ என்ற சொல்தான் இங்கே கெடுதல் செய்கிறது. நின்றபடியே பட்ட மரத்தில் ஆந்தையும் வௌவாலும் குடியிருக்கும். விழுந்து மட்கும் தடியில் தவளையும் வண்டும் பூஞ்சையும் நாற்றுகளும் வளரும். கூப்பு, அதாவது வெட்டுக்கு ஒதுக்கிய பகுதி, முழுவதையும் மொட்டையடிக்காமல், பொந்துள்ள மரங்கள், முதுமரங்கள், ஓடைக்கரை மரங்கள் ஆகியவற்றைத் தனித்தனியாகவும் திட்டுத்திட்டாகவும் நிற்கவிடுவது இன்று பல நாடுகளில் நடைமுறையாகிவிட்டது. திட்டாக விடுவதே பெரும்பாலும் நல்லது என்பது என் கருத்து. தனிமரம் காற்றில் சாய்ந்துவிடும், வெட்டுபவர்மீது விழும் ஆபத்தும் அதிகம். ஆள் நடமாடும் பாதையோரத்தில் இருக்கும் பட்ட மரத்தைப் பாதுகாப்புக் கருதி எடுப்பதில் தவறில்லை.

உயிருள்ள முதுமரத்தின் மதிப்பை உணர, மூன்றாம் விடையில் சொன்ன லாங்லீஃப் காட்டில் வாழும் ரெட்-காக்கேடட் மரங்கொத்தியைப் பார்க்க வேண்டும். மற்ற மரங்கொத்திகள் பெரும்பாலும் பட்ட மரத்தைக் குடைய, இது உயிருள்ள பைன் மரத்தைக் குடைகிறது. அதற்கு ஆண்டுக்கணக்கில் ஆகும் என்பதால், உள்வயிரம் பூஞ்சையால் இளகிய முதிய மரத்தையே தேடுகிறது. குடைந்து முடித்ததும் பொந்தைச் சுற்றிச் சிறு சிறு துளைகள் இட்டு, பிசினை வடியவிட்டுக்கொண்டே இருக்கும். மரத்தின் அடிவரை மெழுகுவத்தி உருகி வழிந்ததுபோல் வெள்ளையாக உறைந்திருக்கும் அந்தப் பிசின், பொந்துக்கு ஏறிவரும் பாம்புகளைத் தடுக்கிறது. முப்பது, நாற்பது ஆண்டுகளில் வெட்டிவிடும் காட்டில் மரம் எத்தனை இருந்தாலும் இதற்கு ஒன்றும் உதவாது. 1989-இல் ஹ்யூகோ புயல் தென் கரோலினாவில் பொந்து மரங்களைப் பெருமளவில் சாய்த்தபோது, எஞ்சிய மரங்களில் ரம்பத்தால் குழிவெட்டி, செய்துவைத்த மரப்பெட்டிப் பொந்துகளைப் பொருத்தினார்கள், பறவைகள் குடியேறின. முதுமரம் வளரும்வரை காலத்தை வாங்கித்தந்த ஏற்பாடு அது.

6. வேலி போட்டு மாடுகளை வெளியேற்றிவிட்டால் புல்வெளி தானாகவே மீளாதா?

சில இடங்களில் மீளும். அளவுக்கு மீறி மேய்ந்து மண் வெளுத்த இடத்துக்கும், ஓடைக்கரைக்கும், கால்நடை விரும்பித் தின்னும் அரிய செடி கொஞ்சமே எஞ்சிய இடத்துக்கும் வேலி நல்ல மருந்து. ஆனால் ‘தொடாமல் விடுவதே காப்பது’ என்ற எண்ணத்தால் ஓர் இனமே ஒரு நாட்டிலிருந்து மறைந்த வரலாறும் உண்டு.

இங்கிலாந்தில் லார்ஜ் ப்ளூ என்ற நீலவண்ணத்துப்பூச்சி குறைந்துகொண்டே வந்தபோது, சேகரிப்பாளர்கள் பிடித்துப் போவதே காரணம் என்று எண்ணி, அதன் இடங்களில் சிலவற்றை வேலியிட்டுக் காத்தார்கள். வேலி சேகரிப்பாளரோடு ஆடுமாடுகளையும் நிறுத்திவிட்டது. இந்தப் பூச்சியின் புழு சில வாரங்கள் தைம் செடியின் பூவைத் தின்றுவிட்டுத் தரையில் விழும். ஒருவகைச் சிவப்பெறும்பு அதைத் தன் குஞ்சென்று மயங்கிப் புற்றுக்குத் தூக்கிச் செல்லும். அங்கே அது எறும்பின் புழுக்களையே தின்று வளரும். அந்த எறும்புக்கு வெயில் நன்றாக விழும் சூடான மண் வேண்டும். புல் சில சென்டிமீட்டர் உயர்ந்தாலே மண் குளிர்ந்து, அந்த எறும்பின் இடத்தை அதன் உறவான வேறோர் எறும்பு பிடித்துவிடும். தைம் செடி அங்கேயே பூத்து நின்றதால், என்ன கெட்டது என்று வெகுகாலம் எவருக்கும் புரியவில்லை. 1950-களில் நோய் வந்து முயல்கள் மடிந்தது நிலைமையை மேலும் மோசமாக்கியது. சூழலியலாளர் ஜெரமி தாமஸ் எறும்பின் பங்கைக் கண்டறிந்தபோது காலம் கடந்துவிட்டது. 1979-இல் பிரிட்டனில் அந்த இனம் அற்றுப்போனது. மேய்ச்சலைத் திரும்பக் கொண்டுவந்து, ஸ்வீடனிலிருந்து கொணர்ந்த பூச்சிகளை 1983 முதல் விட்ட பிறகே அது மீண்டது.

இந்தியாவில் பரத்பூரின் கேவலாதேவ் தேசியப் பூங்காவில் 1982-இல் எருமை மேய்ச்சலைத் தடைசெய்ததும் இதே வகையான பாடம். எருமைகள் தின்று கட்டுக்குள் வைத்திருந்த நீர்ப்புல், தடைக்குப் பின் நீர்ப்பரப்பை மூடிக்கொண்டது. நீர்ப்பறவைகளுக்குத் திறந்த நீர் குறைந்தது. தடையை எதிர்த்த ஊர்மக்கள்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. பின்னர் நடந்த நீண்டகால ஆய்வு, மேய்ச்சலின்மை பறவைகளுக்குக் கேடாக முடிந்ததைக் காட்டியது.

7. அப்படியானால் எவ்வளவு மேய்க்கலாம்? ஒரு கணக்குச் சொல்லுங்கள்.

ஏக்கருக்கு இத்தனை மாடு என்ற எண்ணைக் கேட்பவர்களே அதிகம். அந்த எண் மழையோடு மாறுவது. சென்ற ஆண்டு பொருந்தியது இந்த ஆண்டு பாழாக்கும். மாடுகளைவிடப் புல்லை எண்ணுவது எளிது. ஓர் ஆண்டின் வளர்ச்சியில் பாதியை எடு, பாதியை விடு என்பது பழைய மேய்ச்சல் விதி. அருகிவரும் இனங்கள் உள்ள இடத்திலும் வறண்ட நிலத்திலும் அதைவிடக் குறைவாக எடுப்பதே உத்தமம். தரையில் கூடுகட்டும் பறவை உள்ள நிலத்தில், முட்டையிடும் காலத்தில் அதை மறைக்கும் உயரத்துக்குச் சென்ற ஆண்டுப் புல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பூத்து விதைக்கும் பருவத்தில் ஒரே துண்டை ஆண்டுதோறும் மேய்ப்பதுதான் அரிய புற்களுக்கு எமன். நிலத்தைத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது விதை முதிரும்வரை ஓய்வு கொடுத்தால், மந்தையைக் குறைக்காமலேயே பெரும் மாற்றம் வரும். ஓடைக்கரையில் நாள் முழுதும் படுத்துக்கிடக்கும் மாட்டை விரட்டிக்கொண்டிருப்பதைவிட, தண்ணீர்த் தொட்டியையும் உப்புக்கட்டியையும் மேட்டில் வைப்பது நல்லது. தொட்டிக்குள் ஒரு சரிவுப்பலகை வைத்துவிடுங்கள். தண்ணீர் குடிக்க வந்து விழும் சிறு பறவையும் வௌவாலும் அணிலும் ஏறி வெளியே வந்துவிடும்.

வேலிக் கம்பியும் கவனத்துக்கு உரியது. மேற்கு அமெரிக்காவின் சேஜ் க்ரவுஸ் என்ற தரைப்பறவை, விடியலுக்கு முன், ஆண்பறவைகள் கூடி ஆடிப் பெடைகளை ஈர்க்கும் களத்துக்குத் தாழப் பறந்து வருகையில் கம்பியில் மோதிச் சாகிறது. கம்பியில் சிறு வெள்ளைப் பட்டைகளை மாட்டிய இடங்களில் மோதல் வெகுவாகக் குறைந்தது.

8. காட்டுத்தீயை அணைப்பதுதானே காவல்? நாமே தீ வைப்பது என்ன நியாயம்?

தீயைச் சார்ந்த சமூகத்தில் தீயை நிறுத்துவது, மழைக்காட்டில் மழையை நிறுத்துவதற்கு ஒப்பாகும். தரைத்தீ நின்றால் லாங்லீஃப் காட்டின் அடியில் புதர் மண்டி, புல்லும் மரங்கொத்தியும் சேர்ந்தே போகும். மிச்சிகனில் வாழும் கர்ட்லண்ட் கதிர்க்குருவி, ஏறத்தாழ 5 முதல் 20 வயதுள்ள ஜாக் பைன் மரங்களின் தாழ்ந்த கிளைகளுக்கு அடியில்தான் தரையில் கூடு கட்டும். அந்த மரத்தின் காய்களோ தீயின் சூட்டில் திறப்பவை. தீயை வெற்றிகரமாக அணைத்து அணைத்து, பாடும் ஆண்குருவிகளின் எண்ணிக்கை 1974-இலும் 1987-இலும் 167-க்கு இறங்கியது.

எனினும் தீ விளையாட்டுப் பொருள் அன்று. அதே குருவிக்காக 1980 மே மாதம் மேக் ஏரியருகே வைத்த தீ கைமீறி, 20,000 ஏக்கருக்கும் மேல் எரித்தது. வீடுகள் அழிந்தன, தீயணைப்பு வீரர் ஒருவர் இறந்தார். பத்தாண்டுகள் கழித்து அந்த எரிந்த நிலத்தில் முளைத்த இளம் பைன்களில்தான் குருவிகள் பெருகின என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே சொல்வது முறை. பிற்பாடு பெரும்பகுதியை வெட்டி நட்டே இளங்காட்டை உண்டாக்கினார்கள். வெட்டிய மரம் விலைபோனது.

எல்லா இடத்திலும் தீ மருந்தாகாது. மேற்கு அமெரிக்காவின் சேஜ் புதர்நிலங்களில் சீட்கிராஸ் என்ற அந்நியப் புல் இடைவெளிகளை நிரப்பி, சீக்கிரமே காய்ந்து, தீ அடிக்கடி வர வழிசெய்துவிட்டது. அங்கே ஒவ்வொரு தீயும் புதரைக் கொன்று அந்தப் புல்லையே வளர்க்கிறது.

9. வெறும் புல்லாகக் கிடக்கும் இடத்தில் மரம் நட்டால் எல்லோருக்கும் நல்லதுதானே?

புல்வெளி மரமில்லாத குறையுள்ள காடு அன்று. நீலகிரியின் மலைப்புல்வெளிகளில் சீகை என்னும் வாட்டில் மரத்தையும் யூக்கலிப்டஸையும் நட்டதால் வரையாட்டின் வாழிடம் குறைந்தது. சீகை இன்று நடாமலேயே பரவுகிறது. சேஜ் க்ரவுஸுக்கு, பருந்து உட்காரும் ஒரு மரம் அருகில் முளைத்தாலே அந்த இடம் ஆகாது. நடுவதற்கு முன், அந்த மண் எப்போதாவது காடாக இருந்ததா என்று கேளுங்கள்.

10. அரிய இனம் உள்ள திட்டை ஒதுக்கிவிட்டோம். மீதியில் இஷ்டம்போல் வெட்டலாம் அல்லவா?

சில செடிகளுக்கும் நத்தைகளுக்கும் சிறு திட்டு போதும். பரந்து திரியும் விலங்குக்குப் போதாது. கேடு வெளியிலிருந்து வரும். கனடாவின் மலைக் கரிபூ மான்கள், குளிர்காலத்தில் முதிர்ந்த மரங்களில் தாடிபோல் தொங்கும் லைக்கன் என்ற பூஞ்சை-பாசிக் கூட்டுயிரிகளைத் தின்று வாழ்கின்றன. சுற்றியுள்ள காட்டை வெட்டியதும் அங்கே இளம்புதர் தழைக்கும். அதைத் தின்ன மூஸும் மற்ற மான்களும் பெருகும். அவற்றைத் தின்ன ஓநாய்கள் பெருகும். மரம் ஏற்றிவரப் போட்ட சாலைகளில் ஓநாய்கள் எளிதாகப் பயணம் செய்து, இடையில் அகப்படும் கரிபூவையும் கொன்றுவிடுகின்றன. ஒதுக்கிய திட்டில் ஒரு மரத்தைக்கூட எவரும் தொடவில்லை. ஆனாலும் மான் குறைகிறது. வேலை முடிந்த சாலையை மூடி, மரம் நட்டு மறைப்பது இதனால்தான் முக்கியமாகிறது.

வாழிடத்தைப் பெரிதாக ஒதுக்கியும் போதாமல் போவதுண்டு. புள்ளி ஆந்தையின் வட இனவகையை அமெரிக்கா 1990-இல் பட்டியலிட்டு, 1994-இல் வடமேற்கின் அரசுக் காடுகளில் வெட்டைப் பெரிதும் குறைத்தது. பிறகும் அது குறைகிறது. கிழக்கிலிருந்து பரவிவந்த பார்டு ஆந்தை அதன் இடத்தைப் பறிக்கிறது.

11. அரிய இனம் இருக்கிறது என்று சொன்னால் நிலம் கையை விட்டுப் போகும். சொல்லாமலிருப்பதுதானே புத்திசாலித்தனம்?

இதைத் தாழ்ந்த குரலில்தான் கேட்பார்கள். கேட்பவர்மீது எனக்குக் கோபம் இல்லை. சட்டம் வெறும் தண்டனையாக மட்டும் வந்தால் மக்கள் முந்திக்கொள்வார்கள். வட கரோலினாவில், ஐந்தாம் விடையில் சொன்ன மரங்கொத்திகளுக்கு அருகே இருந்த தனியார் பைன் மரங்கள் வழக்கத்தைவிட இளவயதிலேயே வெட்டப்பட்டதைப் பொருளியல் ஆய்வு காட்டியது. முதிர்ந்தால் பறவை வரும், பறவை வந்தால் தடை வரும் என்ற கணக்கு.

அதற்கு விடையாக 1995-இல் அதே மாநிலத்தில் ‘பாதுகாப்பான துறைமுகம்’ என்ற ஒப்பந்தமுறை வந்தது. ஒப்பந்தத் தேதியில் உங்கள் நிலத்தில் எத்தனை பறவைக் குடும்பம் இருக்கிறதோ அது அடிக்கோடு. அதைக் காக்க வேண்டியது உங்கள் கடமை. உங்கள் நற்பராமரிப்பால் அதற்கு மேல் எத்தனை கூடினாலும் அவற்றுக்காகப் புதிய தடை வராது. முதலில் கையெழுத்திட்டது ஒரு கோல்ஃப் விடுதி. இது குறையற்ற ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன், கூடிய பறவைகளைப் பிறகு இழக்கவும் அது இடம் தருகிறது. எனினும் முதுமரத்தைப் பார்த்து அஞ்சும் நிலையை அது போக்கியது. உங்கள் நாட்டில் இத்தகைய ஏற்பாடு உண்டா என்பதை வெட்டுக்கு முன்பே விசாரியுங்கள்.

12. மருந்து கொடுத்து மாட்டைக் காப்பாற்றுவதற்கும் காட்டுயிருக்கும் என்ன தொடர்பு?

தெற்காசியாவில் 1990-களில் பாறுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகுகள், கூட்டம்கூட்டமாக மடிந்ததற்கு, மாடுகளுக்கு ஊசிபோட்ட டைக்ளோஃபினாக் வலிமருந்தே காரணம் என்று 2004-இல் தெரியவந்தது. மருந்து உடலில் இருக்கும்போதே இறந்த மாட்டைத் தின்ற பாறு, சிறுநீரகம் செயலிழந்து சாகும். வெண்முதுகுப் பாறு 99 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. இந்தியா 2006-இல் கால்நடைகளுக்கு இம்மருந்தைத் தடைசெய்தது. பாறுகளுக்குத் தீங்கற்றது என்று சோதித்தறிந்த மெலாக்சிகாம் இருக்கிறது. கால்நடை மருத்துவரிடம் அதைப் பெயர் சொல்லிக் கேட்கலாம்.

13. இனம் மீண்டு பட்டியலிலிருந்து நீங்கிவிட்டால் பழையபடி நடக்கலாமா?

எட்டாம் விடையில் கண்ட கர்ட்லண்ட் கதிர்க்குருவி, 2,000 இணைகளைத் தாண்டியபின் 2019-இல் அமெரிக்கப் பட்டியலிலிருந்து நீங்கியது. ஆனால் அது கூடுகட்டும் மரத்துக்கு 20 வயதானால் அந்த மரம் அதற்குப் பயன்படாது. ஆகவே இப்போதும் ஒவ்வோர் ஆண்டும் ஒரு பகுதியை வெட்டுகிறார்கள், இன்னொரு பகுதியில் நாற்று நடுகிறார்கள். குருவி பாடும் பருவத்தில் காதால் கேட்டு எண்ணுகிறார்கள். எண்ணிக்கை குறைந்தால் அடுத்த வெட்டின் இடமும் அளவும் மாறும்.